கடைசி எழுத்து விழும்வரை

— ‘அடுத்து’ பட்டன் வேலையே செய்யல. தட்டித் தட்டி விரல் தேஞ்சதுதான் மிச்சம்.

— கடைசி எழுத்து விழட்டும் சார். அப்பதான் திறக்கும்.

— எப்ப விழுந்து எப்பத் திறக்கறது! சுவர் முழுக்கத் திரை, அதுல எழுத்து மட்டும் ஒழுகற குழாய் மாதிரி சொட்டுது.

— நீங்க கேட்டதுதானே? “பாதுகாப்புப் பாடத்தை எவனும் படிக்கறதில்ல, தட்டிட்டுப் போயிடறானுங்க. எழுத்து ஆடணும், ஓடணும், ஆளைப் பிடிச்சு உட்கார வைக்கணும்”னு... ரெடியா வாங்கற சாஃப்ட்வேர்ல அது வராது. அதான் தனியா கோடிங் எழுதிச் சேர்த்தேன்.

— அது தொழிலாளிங்களுக்கும்மா. மேனேஜருக்கா?

— உட்கார்ந்திருக்கறது யாருன்னு கோடிங்குக்குத் தெரியாதே சார்.

— வாய்க்குக் குறைச்சலில்ல. கொஞ்சம் வேகமாக்கேன்.

— ஆக்கலாம். ஆனா பாடம் மறுபடி முதல்லேர்ந்து ஓடும். பரவாயில்லையா?

— ஐயோ, வேணாம்!

— வேற ஒருத்தரோட ஊழியர் நம்பரைப் போட்டு நீங்க ஏன் சார் படிக்கறீங்க?

— காலையில போன்லயே சொன்னேனே. மிக்சிங் டிரம்ல வேலை பாக்கற ஆள். பாடத்தை முடிக்காமலே லீவுல போயிட்டான்.

— வந்து முடிக்கட்டுமே.

— வர... நாளாகும். நான் முடிச்சு வெக்கறேன். நீ தேதியை மட்டும் போன மாசத்துக்கு மாத்து. உன்னை அவசரமாக் கூப்பிட்டதே அதுக்குத்தான்.

— முதல்ல முடியட்டும். முடிஞ்சாதானே தேதி பதியும்... விழுந்துடுச்சு பாருங்க, தட்டுங்க.

— அப்பாடா... அடக் கடவுளே, திரும்பவுமா?

— சத்தமாப் படிங்க, நேரம் போறது தெரியாது.

— “டிரம்முக்குள் இறங்கும் முன்... மின்சாரத்தை நிறுத்து... சுவிட்சில் உன் பூட்டைப் போடு... சாவி உன் பையிலேயே...” சே! ‘இருக்கட்டும்’னு சொல்ல இவ்வளவு நேரமா?

— அவருக்குப் பூட்டு இருந்துச்சா சார்?

— யாருக்கு?

— லீவுல போனவருக்கு.

— ஸ்டோருக்கு எங்க வந்துச்சு? அவனும் கேட்டுக் கேட்டு... உனக்கு எதுக்கு அதெல்லாம்?

— பூட்டைப் போடுன்னு பாடத்துல சேர்த்தவ நான்தானே. இல்லாத பூட்டை எப்படிப் போடுவாங்க?

— இல்லேன்னா இறங்கக் கூடாது. கண்ணுமண்ணு தெரியாம உள்ள இறங்கினா...

— இறங்கினாரா?

— இந்தப் பக்கம் எப்பம்மா முடியும்?

— இறங்கச் சொன்னாங்களா சார்?

— லோடு நிக்குது, டிரம்மைச் சுத்தம் பண்ணுன்னு சொன்னேன். சொல்லாம? வெளியிலேர்ந்து எவனோ சுவிட்சைப் போடுவான்னு நான் என்ன கனவா கண்டேன்?

— எப்ப சார்?

— நேத்து... சரி, உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. ஆள் போயிட்டான்.

— ம்.

— பயப்படாத, உன் தலையில ஒண்ணும் விடியாது. பாடத்தை அவன் முடிச்சிருந்தான்னு காட்டிட்டா போதும். எல்லாம் தெரிஞ்சும் இறங்கினான், தப்பு அவனோடதுன்னு ஆயிடும். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க மத்தியானம்தான் வரார்.

— அப்ப வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.

— ஏதாவது செய்வோம்மா. எங்களுக்கும் மனசு இருக்கு. பெரிய மலர்வளையமா வாங்கி அனுப்பியிருக்கோம்.

— வந்துச்சு...

— என்னது?

— வந்து... வந்துடுச்சு சார், கடைசிப் பக்கம். தட்டுங்க.

— இதென்ன, வெறும் பக்கமா இருக்கு?

— பாராட்டுப் பக்கம். நம்பரை வெச்சு ஆளோட பேரைக் கோடிங்கே தேடி எடுத்துக்கும். ஒவ்வொரு எழுத்தா மேலேருந்து விழும். படிச்சு முடிச்சவங்களுக்கு ஒரு சந்தோஷம்.

— “பாராட்டுகள்”... ஐயோ, அவன் பேர் வருது. இதை எடுத்துடும்மா, பாக்க என்னமோ பண்ணுது.

— பாருங்க சார்.

— மத்ததைவிட இது இன்னும் மெதுவா இருக்கே... இரு, யாரோ கதவைத் தட்டறாங்க.

— இன்ஸ்பெக்டரா இருக்கும்.

— மத்தியானம்னுதானே சொன்னார்! மூடு இதை! அவன் பேர் இவ்வளவு பெருசா... ஏன் மூட மாட்டேங்குது?

— கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க!

— ஏய்! யாரைக் கூப்பிடற? யாருடி நீ?

— உங்க போன் வந்ததும் நான்தான் இன்ஸ்பெக்டரைச் சீக்கிரம் வரச்சொன்னேன். எழுத்தை மெதுவாக்கினதும் நான்தான். தேதியை மாத்தல சார். நேத்து செத்தவர் இன்னிக்குப் பாடம் முடிச்சார்னு பதியட்டும். கடைசி எழுத்து விழற வரைக்கும் இது மூடாது, உட்காருங்க... அக்கா, நீயும் உள்ள வா. மாமா பேர் இன்னும் பாதிதான் விழுந்திருக்கு.