தண்ணி மேல குடுத்த வாக்கு

ஒரு கேள்வி கேக்கேன் வெயிலுமுத்து, யோசிச்சுப் பதில் சொல்லு. தண்ணி மேல இருக்கும்போது ஒரு மனுஷன் குடுத்த வாக்கு, தரைக்கு வந்த பொறவு அவனைக் கட்டுமா, கட்டாதா?

எந்திரிக்காத, உக்காரு. அடிக்க வந்தவன் டீ வாங்கிக் குடுப்பானா? கனகவள்ளியோட அப்பன் ரயிலேறி காட்கோபர்ல உன் ஒர்க்ஷாப்பைத் தேடி வந்துருக்கான்னா காரணம் இருக்கும்லா. நீயும் அவளும் கட்டிக்கிடணும்னு இருக்கிய. அது எனக்குத் தெரியும், அவளே சொல்லிட்டா. நான் பேச வந்தது வாக்கைப் பத்தி.

நான் ஜெர்மனியில தமிழ் மாநாட்டுக்குப் போயிட்டு வந்தது தெரியும்லா? மாட்டுங்கா பூரா போஸ்டர் இருந்துதே. யாரு ஒட்டுனான்னு கேக்காத.

மாநாடு முடிஞ்ச மறுநாள் அறிஞர்களையெல்லாம் ரைன் நதியில படகுல ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்க. சுவீடன்காரன், டச்சுக்காரன், இத்தாலிக்காரன், அம்புட்டுப் பேரும் தமிழ் படிச்சவன். ஒருத்தன் கட்டுரையை இன்னொருத்தன் காது குடுத்துக் கேட்டதில்ல. ஆனா அற்புதம், அற்புதம்னு கையைப் பிடிச்சுக் குலுக்குதான். நானும் குலுக்குனேன். கல்வி வந்தா அடக்கம் வரணும் தம்பி. அங்க எங்க எல்லாருக்கும் கழுத்துல டைதான் வந்துருந்துது.

அந்தப் படகுல பம்பாய்த் தமிழன் இன்னொருத்தரும் இருந்தார். செம்பூர் பிரம்மநாயகம், என்னை மாதிரி தமிழ்ப் பேராசிரியர். நம்ம தமிழ்ச் சங்க மேடையில பொன்னாடையை முதல்ல யாருக்குப் போத்துறதுங்கற தகராறுல ரெண்டு பேருக்கும் வருஷக்கணக்கா பேச்சு கிடையாது. நான் போன கல்யாணத்துல அவர் கை நனைக்க மாட்டார். அந்த நதியில ரெண்டு கரையிலயும் மலைக்கு மலை பழைய கோட்டை. எதிரெதிரா இருந்துக்கிட்டு, போற வாற படகையெல்லாம் மறிச்சு வரி வாங்குவானுங்களாம். எனக்கு நம்ம சங்கத்து ரெண்டு கோஷ்டியும் ஞாபகத்துக்கு வந்துட்டு.

மத்தியானம் சாப்பாடு. எதை எடுத்தாலும் இறைச்சி. அவரும் நானும் சைவம், அதனால எங்க ரெண்டு பேருக்கு மட்டும் அவிச்ச உருளைக்கிழங்கு. என் பையில வீட்டுக்காரி குடுத்துவிட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய் இருந்துது. எதிர் மேஜையில இருந்து மனுஷன் பாட்டிலையே பாக்கார். பசிச்சவனுக்கு முன்னால பகை நிக்குமா? பாட்டிலைத் தள்ளி வச்சேன். ஒரு வாய் வச்சதும் அவருக்குக் கண்ணு கலங்கிட்டு. எனக்கும் கலங்கிட்டு. காரம்னு சொல்லிக்கிட்டோம்.

வே, உம்ம மகளை என் பையனுக்குத் தாரும்னார். தந்தேன்னுட்டேன்.

எந்திரிச்சுக் கட்டிப் பிடிச்சோம். என்ன ஏதுன்னு தெரியாமலே படகு பூரா கைதட்டுச்சு. டச்சுக்காரன் போட்டோ எடுத்தான். அந்த மாநாட்டுல எந்தக் கட்டுரைக்கும் அம்புட்டுக் கைதட்டல் கிடையாது.

பையன் மோசமில்ல. தாணேயில நல்ல வேலை. கனகவள்ளிகிட்ட சொன்னேன். அவ அழல, கோபப்படல. படகுல ஏறுனது நீங்கதான்பா, நான் ஏறலியேன்னா.

நீ கேக்கது நியாயம்தான். முடியாதுன்னு போய்ச் சொல்ல வேண்டியதுதானே? எப்படிச் சொல்ல? வாக்குத் தவறாமைங்கற தலைப்புல இந்த ஊர்ல நான் பேசாத மேடை உண்டா? அடுத்த கூட்டத்துலயே பிரம்மநாயகம் என்னை உதாரணமா எடுத்து விளக்கிருவாரு.

ஒரு கதை சொல்லுதேன், கேளு. ஒரு சம்சாரி தன் பசுவைப் பக்கத்து ஊர்க்காரனுக்குத் தாரேன்னு சந்தையில வச்சு வாக்குக் குடுத்துட்டான். வீட்டுக்கு வந்து பாத்தா, பசு வைக்கோலைத் தொடல, கண்ணுல தண்ணி. சம்சாரி சத்தியவான், சொன்ன சொல்லை மீறல. தொழுவத்துக் கதவைச் சாத்த மட்டும் மறந்துட்டான். மறதியைப் பாவம்னு எந்த நூலாவது சொல்லுதா? ஒண்ணு, இந்தப் பசு கதையை கனகவள்ளிகிட்ட சொல்லித் தொலைச்சிராத.

முழிக்காத தம்பி. பிரம்மநாயகம் வீட்டுல இருந்து இன்னைக்குச் சாயங்காலம் பூ வைக்க வாராங்க. வாசல்ல நின்னு கும்பிட்டு வரவேற்கது என் பொறுப்பு. பொண்ணைக் காணும்னதும் பதறுததும் என் பொறுப்புதான், அதை நான் பாத்துக்கிடுதேன். கனகவள்ளியும் அவ அம்மாவும் மாட்டுங்கா ஸ்டேஷன்ல நிக்காங்க. தாலி அம்மா கையில இருக்கு. தாராவியில உங்க தெருப் பிள்ளையார் கோயில் பூசாரிகிட்ட காலையிலயே பேசிட்டேன்.

உன் முதலாளி சேட்டுகிட்ட வயித்துவலின்னு பொய் சொல்லாத, கல்யாணம்னே சொல்லி லீவு கேளு. நாளைக்குப் பாத்துக்கிடலாம்னு இருந்தா என் வாக்கு நிஜமாவே பலிச்சிரும். கையில இருக்க கிரீஸைக் கழுவு, சட்டையை மாத்து, அடுத்த ரயிலைப் பிடி. இன்னைக்கே கட்டிரு.