தர்மத்துக்குப் போகும் பங்கு

சிங்காநல்லூரில் பஸ் கிளம்பியது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னார்: "எங்கண்ணன் தர்மம் பண்ணோணும்ங்கறாரு. அதுதான் அம்மணி பயமா இருக்குது."

"தர்மத்துக்கு எதுக்குங்கக்கா பயம்?"

"அப்பா பேர்ல அறக்கட்டளை வெச்சிருக்கறாரு. அப்பா ஆரம்பிச்ச கம்பெனியில எம்பட பங்கை அதுக்கு எழுதிக் குடுக்கச் சொல்றாரு."

"நல்ல காரியந்தானுங்களே."

"ஆடிட்டரைக் கேட்டேன். அறக்கட்டளை கம்பெனிப் பங்கைக் கையில வெச்சிருந்தா வரிச்சலுகை போயிருமாம். ஒரு வருசம் போல டைம் இருக்குதாம், அதுக்குள்ள வித்துப்போடோணும்."

"அண்ணனும் அவரு பங்கைக் குடுக்கறாருங்களா?"

"இல்ல. எம்படது மட்டுந்தான். அவசரத்துல அடிமாட்டு வெலைக்கு விக்கறப்ப அதை யாரு வாங்குவாங்கன்னு நெனைக்கறே?"

பெருந்துறை நெருங்கும்போது மூத்தவரின் போன் அடித்தது.

"வந்துட்டே இருக்கறேனுங்கண்ணா. கையெழுத்துப் போட்டுத் தாரேனுங்க. அந்தப் பங்கை நீங்களோ உங்க பசங்களோ வாங்க மாட்டோம்னு மட்டும் எழுதிக் குடுத்துருங்க."

வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு இளையவளிடம் திரும்பி, "லைன்லதான் இருக்கறாரு, பேசமாட்டேங்கறாரு" என்றார்.