ரெண்டாவது பீரிசுக்கு

…உந்தப் போர்டைப் பாத்திட்டுத்தான் உள்ளுக்கு வந்தனியளெண்டா, தம்பி, உள்ளதைச் சொல்லுறன், நீங்கள் பிந்தி வந்திட்டியள். மன்னார் நாணயச் சங்கம் எண்டு எழுதிக் கிடக்கு, ஓம். நான்தான் எழுதினது. போர்டு இருக்கு, சங்கம் இல்லை. பதுக்கிப்போட்டாங்கள், பாவியள். கிடைச்ச குத்தியெல்லாத்தையும், பழைய நாணயத்தைத்தான் சொல்லுறன், ஒளிச்சு ஒளிச்சு வைச்சு, உயிரோட இருந்த ஒரு சங்கத்தையே பெட்டிக்க போட்டுப் பூட்டிப்போட்டாங்கள்.

இருங்கோ, அந்தக் கதிரையில இருங்கோ. மேல கிடக்கிற ரேடியோவைத் தூக்கிக் கீழ வையுங்கோ. திருத்தத் தந்தவர் வள்ளமேறி இந்தியாவுக்குப் போயிட்டார். பற்றரி கிடையாத ஊரில ரேடியோ திருத்துறவன் என்னத்தைத் திண்டு சீவிக்கிறது… சரி, அது வேற கதை. முருங்கனில இருந்தோ வாறியள்? கந்தோருக்குப் புதுசா மாத்தலாகி… ஓம், ஓம். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு, அந்தரப்படாதேங்கோ. எப்பிடியும் தள்ளாடியில ஆமிக்காரர் இறக்கி, பையைக் கிண்டித்தான் ஏத்துவாங்கள். செலீனா, இஞ்ச ரெண்டு தேத்தண்ணி போடு. என்ர மனுசி, தம்பி. குத்தியெண்டாலே அவவுக்குப் பிடியாது. காசு எண்டா கடையில மாறவேணும் எண்டு நினைக்கிற ஆள்.

எங்க, காட்டுங்கோ. பங்கர் வெட்டேக்க வந்ததோ? மாமி வீட்டு வளவிலயோ? அப்பிடித்தான், இந்தச் சண்டை வந்து எங்கட சனத்துக்குச் செய்த ஒரே நன்மை மண்ணைக் கிண்ட வைச்சதுதான். கையில தராதேங்கோ. உந்தப் பீரிசில வையுங்கோ. பீரிசில வைக்கிறதுதான் எங்கட முறை.

சும்மா தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழ வைக்கிற தட்டெண்டு நினையாதேங்கோ. அதின்ர கோப்பை எப்பவோ உடைஞ்சு போச்சு, பீரிசு நிண்டு பிடிச்சிட்டுது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எல்லாரும் நேர இஞ்சதான். கந்தோர்க்காரர், மீன்காரர், எருக்கலம்பிட்டி யாவாரியள், எல்லாரும் இந்த ஒரு மேசையைச் சுத்தி. சட்டம் ஒண்டே ஒண்டு. முதலாவது உனக்கு, ரெண்டாவது பீரிசுக்கு. ஒரே சாதிக் குத்தி ரெண்டு கிடைச்சா, ஒண்டை நீ வைச்சிரு, மற்றதைப் பீரிசில போடு. இல்லாதவன் அதை எடுத்துக்கொண்டு, தன்னட்டக் கூட இருக்கிறதைப் போடுவான். விலையில்லை, பேரமில்லை. ஆர் போட்ட சட்டம்? நான்தான். தலைவரெல்லோ.

பேந்து வந்தாங்களே பதுக்கல்காரர்.

பத்திநாதர் எண்டு ஒரு கொந்திராத்துக்காரர் இருந்தவர். ஒல்லாந்தற்ற காலத்துச் செப்புத் துட்டெண்டா அந்தாளுக்கு விசர். ஒரே மாதிரித் துட்டு, பிஸ்கற் ரின் நிறைய. பீரிசில ஒண்டு, ஒண்டே ஒண்டு போட்டிருப்பாரே? ஏன் ஐயா எண்டு கேட்டா, கிடக்கட்டும், வலு அருமையான சாமான், விலை ஏறும் எண்டவர். ஆருக்கு ஏறும், தம்பி? எல்லாத்தையும் நீரே அமத்திக்கொண்டிருந்தா, வேற ஆர் அதைத் தேடப் போறான்? ஒரு துட்டைக் கண்ணாலயும் காணாத பெடியனுக்குத் துட்டில ஆசை எங்கயிருந்து வாறது? இந்தச் சின்னக் கணக்கு அந்தப் பெரிய மண்டைக்குள்ள ஏறேல்லை. கடைசியில என்ன செய்தவர் தெரியுமே? புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சு, குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி மினுக்கி, பளபளவெண்டு கொண்டந்து பெருமையாக் காட்டினவர். எழுத்தும் போச்சு, ஆண்டும் போச்சு. மிஞ்சினது வட்டச் செம்பு. தொண்ணூறில அவரும் வள்ளமேறினவர். மண்டபம் அகதி காம்பில இரும்புக்கடைக்காரனுக்கு நிறுத்துக் குடுத்ததாக் கேள்வி. எனக்குத் துண்டாக் கவலையில்லை. நல்லா வேணும்.

அதெல்லாம் சில்லறைப் பதுக்கல். பெரிய பதுக்கல் ஒண்டு நடந்தது…

மாட்டுக் காசு தெரியுமே? யாழ்ப்பாண ராசாக்களின்ர. ஒரு பக்கம் மாடு படுத்திருக்கும், மேல பிறை. மற்றப் பக்கம் சேது எண்டு எழுத்து. அது கனக்கக் கிடைக்கும், மழை பேஞ்சா மாந்தைப் பக்கம் ஆடு மேய்க்கிறவைக்கும் கிடைக்கும். ஆனா அதுக்குள்ள பிழையா அடிச்ச ஒரு சாதி இருக்கு. அச்சு வெட்டினவன் தூங்கி விழுந்திட்டான் போல. எழுத்து இடம்வலம் மாறி, கண்ணாடியில பாக்கிற மாதிரித் திரும்பி நிக்கும். நாங்கள் கண்ணாடிச் சேது எண்டு பேர் வைச்சம். எங்கட சங்கத்தில அவரிட்ட ஒண்டு, இவரிட்ட ஒண்டு எண்டு ஆறேழு பேரிட்ட இருந்தது. அதைக் காட்டக் காட்டத்தான் புதுப் பெடியளுக்குக் கண் விரியும். அடுத்த ஞாயிறும் வருவாங்கள்.

ஒண்டொண்டாக் காணாமப் போச்சுது, தம்பி. ஆரோ ஒரு கள்ளன், இடம்பெயருற சனத்திட்ட வீடு வீடாப் போயிருக்கிறான். பிள்ளையளோட நிக்கிற நேரத்தில ஆர் குத்தியைப் பாக்கிறது? ஒராளிட்ட அரிசி குடுத்து வேண்டியிருக்கிறான். இன்னொராளிட்ட மண்ணெண்ணெய். ஒராளுக்கு ரேடியோ திருத்திக் குடுத்து… எப்பிடியான மனசு வேணும் பாருங்கோ.

ஏன் என்னைப் பாக்கிறியள்? மன்னாரில ரேடியோ திருத்துறவன் நான் மட்டுமே?

எடித் எண்டு ஒரு பிள்ளை வந்தவ, ஆஸ்பத்திரியில வேலை. கெட்டிக்காரி. கண்ணாடிச் சேது ஒண்டைப் பாக்கவேணும், கையில எடுத்துக்கூடப் பாக்கத் தேவையில்லை, தூர வைச்செண்டாலும் ஒருக்காக் காட்டுங்கோ எண்டு எத்தினை ஞாயிறு கேட்டவ. ஒருத்தரும் காட்டேல்லை. ஆரிட்டக் கேட்டவவோ? சங்கத்திட்டத்தான். இப்ப முத்திரை சேர்க்கிறாவாம். முத்திரை! நக்கி ஒட்டுற கடதாசி. அவ போக அவவோட வந்த ரெண்டு பேரும் போச்சினம். பேந்து வந்தவை குத்தியைப் பற்றிக் கதைக்கேல்லை, ஆமி பாஸைப் பற்றியும் பாண் விலையைப் பற்றியும் கதைச்சிட்டுப் போச்சினம். பேந்து அதுவுமில்லை.

எல்லாத்திலயும் எனக்கு வயிறெரியிறது சாஹுல் ஹமீட் நானாவின்ர குத்தி. எருக்கலம்பிட்டி ஆள், புடவை யாவாரம். தொண்ணூறு ஒக்டோபரில இயக்கக்காரர் முஸ்லிம் சனம் முழுக்கலையும் ஒரு பையோட ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னாங்களெல்லோ… கடற்கரைக்குப் போக முதல் இஞ்ச வந்தவர். இருக்கேல்லை, வாசல்லதான் நிண்டவர். சேட்டுப் பொக்கற்றில கிடந்த கண்ணாடிச் சேதுவை எடுத்து உந்தப் பீரிசில வைச்சிட்டு, இது சங்கத்துக்கு, கொன்ஸ்ரன்ரைன், ஞாயிற்றுக்கிழமையில எல்லாரும் பாக்கட்டும் எண்டவர். வீட்டை விட்டிட்டுப் போற மனுசன், தம்பி. அந்த நேரத்திலயும் சட்டத்தை மறக்கேல்லை. அடுத்த ஞாயிறு பாத்தா, பீரிசு வெறும் பீரிசு. அதை எடுத்தவன்ர கை என்ன கை…

சரி, உங்கட குத்திக்கு வருவம். நான் இருந்த இடத்தில இருந்தே சொல்லுறன், இது வெறும் மாட்டுக் காசு. கனக்கக் கிடக்கு. உங்களுக்கு இது சரிவராது. நீங்கள் புது ஆள், வடிவான சாமானோட தொடங்கவேணும். இந்தா, விக்ரோறியா ராசாத்தியின்ர செப்புக் காசு. தலைமயிர் ஒவ்வொண்டும் எண்ணலாம். இதை நீங்கள் கொண்டுபோங்கோ, அது பீரிசில கிடக்கட்டும். சங்கத்துக்கு.

வேண்டாமோ? சரி, ரெண்டு தாறன். எட்வேட் ராசாவின்ர காசொண்டும் சேத்துத் தாறன். தம்பி, எழுத்துத் திரும்பி நிக்கிற ஒரு பிழைக் குத்தியை வைச்சுக்கொண்டு நீங்கள் என்ன…

என்ன?

ஓம். எழுத்துப் பக்கத்தைத் திருப்பிப் பாக்கேல்லைத்தான். அது… மாட்டின்ர கொம்பு பிறையோட ஒட்டிக்கொண்டு நிக்குதெல்லோ, அதில தெரியும். எல்லாத்திலயும் அப்பிடித்தான் ஒட்டி நிக்கும். எல்லாத்திலயும் எண்டா… எல்லாத்திலயும்.

திருப்பாதேங்கோ. சரி, திருப்பிட்டியள். எழுத்து எப்பிடி நிக்குது? சொன்னனானே.

இஞ்ச பாருங்கோ, பதுக்கல் வேற, பாதுகாப்பு வேற. பத்திநாதர் பதுக்கினவர். நான் பாதுகாத்தனான். ஷெல் விழுந்தா? வள்ளம் கவிண்டா? ஆளுக்கொண்டா இருந்தா ஆளோட அள்ளுப்பட்டுப் போயிடும். ஒரு இடத்தில இருந்தா இருக்கும். அரிசி குடுத்தனான், சும்மா பறிக்கேல்லை. ஹமீட் நானா சங்கத்துக்குத் தந்தவர். சங்கமெண்டா ஆர்? தலைவர். தலைவர் ஆர்? வெளியில போர்டைப் பாருங்கோ. அதோட, என்ர கண்ணுக்குத் தப்பினது உது ஒண்டுதான் எண்டு நினைக்கிறன். நாளைக்கு நீங்கள் அதைக் கந்தோரில நாலு பேருக்குக் காட்டித் திரிஞ்சா, பேந்து என்ரதுக்கு என்ன மதிப்பு?

இருங்கோ, எழும்பாதேங்கோ. காட்டுறன். எல்லாத்தையும் காட்டுறன். அந்த மூலையில நிக்கிற வால்வ் ரேடியோப் பெட்டிக்குள்ளதான் கிடக்கு, செலீனாவுக்கும் தெரியாது. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் காட்டினதில்லை, தம்பி. காட்டினா கேப்பாங்கள். கேட்டாக் குடுக்கவேணும், சட்டம் அப்பிடி. அதாலதான் காட்டேல்லை. இப்ப… இப்ப கேக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமையில கதவைச் சாத்திப்போட்டு நான் தனிய எல்லாத்தையும் பீரிசில கொட்டிப் பாக்கிறனான். வடிவுதான். ஆனா ஒருத்தன் பாத்து வயிறெரியவேண்டாமே? ஒருத்தனாவது, எனக்கொண்டு தாங்கோ எண்டு கேக்கவேண்டாமே? நீங்கள் கேளுங்கோவன். தரமாட்டன், ஆனாக் கேளுங்கோ.

பஸ் இப்ப வராது, தம்பி. தேத்தண்ணி ஊத்தியாச்சு… அந்த விக்ரோறியாவையாவது எடுத்துக்கொண்டு போங்கோ. ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. பூசை முடிய. உதையும் கொண்டு வாங்கோ, பீரிசு வைச்சிருப்பன்… தம்பி…

போயிட்டான்.

பாத்தியே, செலீனா? கையில கிடைச்சது ஒரே ஒரு குத்தி. அதைப் பொக்கற்றுக்க போட்டுப் பொத்திக்கொண்டு ஓடுறான். வடிவா ஒருக்காப் பாக்கவும் விடேல்லை. இனி ஒருத்தர் கண்ணிலயும் காட்டமாட்டான், இருந்து பார். உப்பிடியான ஆக்களாலதான் இந்தச் சங்கம் பாழாப் போனது.

என்ன, ரெண்டு தேத்தண்ணியோ? ஓம், நான்தான் சொன்னனான். ஏன் திருப்பிக் கொண்டுபோறாய்? ரெண்டாவதையும் எனக்கே வை.