விற்காததெல்லாம் வீட்டுக்கு

சென்ற மாதம் இதே மைதானத்தில், தொடர் ஓட்டத்தின் பாதியில், என் பதின்மூன்று வயது மகள் மயங்கி விழுந்தாள்.

அவை நடத்தும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, கழுத்தில் விசிலைத் தவிர வேறு நகை அறியாத விளையாட்டு ஆசிரியர் அவர்களே, விடியுமுன் சாப்பாட்டு டப்பா கட்டிவிட்டுக் கொட்டாவியை விழுங்கியபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அவர்கள் இழுத்துவந்த தந்தைமார்களே, அனைவருக்கும் வணக்கம்!

இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், "இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. வீட்ல என்னதான் சாப்பிடறா?" என்றார். எனக்கு ரோஷம் பொங்கியது. "டாக்டரம்மா, நான் மளிகைக்கடைக்காரன். என் வீட்லயா பஞ்சம்?"

பக்கத்தில் நின்ற என் மனைவி வாயைத் திறந்தாள். மானம் போனது! "காலையில நொறுங்கின பிஸ்கட்டு. சாயங்காலம் தேதி முடியப்போற நூடுல்ஸ். ராத்திரி, நசுங்கின பாக்கெட்ல என்ன இருக்கோ அது!"

மறைப்பானேன்? இருபது ஆண்டுகளாக என் வீட்டுச் சட்டம் ஒன்றே: விற்காததெல்லாம் வீட்டுக்கு! முட்டையா? முதலிலேயே முடிந்துவிடும். கீரையா? கட்டு அவிழ்க்குமுன் காலியாகிவிடும். பயறா? பறந்துவிடும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார்களே, நானும் நம்பிவிட்டேன்!

யாரது மூன்றாம் வரிசையில்? "உங்க கடை பிஸ்கட்டத்தானே என் பையனும் திங்கறான்" என்கிறீர்களா, அண்ணே? அவனாவது நொறுங்காததைத் தின்கிறான்!

விளையாட்டு ஆசிரியர் விட்டாரா? "மூணு மாசம் டைம் தர்றேன். ரத்தம் ஏறலன்னா அணியிலேர்ந்து பேரை அடிச்சிடுவேன்" என்றார். என் மகள் அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, நான் காசு குடுத்தா எனக்கும் முட்டை குடுப்பீங்களா?"

பேரம் பேசியே பெரியவனான நான், அவளையே நிபந்தனை சொல்லச் சொன்னேன்.

பெற்றோரே! எலும்பு நீளும் வயது இது. இரத்தம் பெருகும் வயது இது. நேற்றுத் தைத்த முழுக்கைச் சட்டை இன்று முழங்கையைத் தொடும் வயது இது! மாவையும் சர்க்கரையையும் கொட்டி வயிற்றை அடைத்தால் வளர்ச்சி வருமா? பதின்மூன்றில் வாங்கத் தவறிய சரக்கை முப்பதில் வாங்க முடியுமா? எந்தக் கிடங்கில் கிடைக்கும்? எந்த மொத்த வியாபாரி தருவான்?

ஒரு மளிகைக்காரன் தன் குட்டை உடைப்பதைப் பொறுமையாய்க் கேட்ட உங்கள் நல்ல மனத்துக்கு நன்றி. மருத்துவர் முன்னிலையில் மகளுக்கும் எனக்கும் இடையே முடிவான நிபந்தனைகளைச் சொல்லி விடைபெறுகிறேன். தினம் ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பயறு, கீரை, கூடவே எலுமிச்சைச் சாறு, மாலையில் பால். மருத்துவர் தந்த மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது என்பதால், சாப்பாட்டோடு தேநீர் கிடையாது. மூன்று மாதமும் கடைச் சாவி அவளிடம். அவள் சாப்பிட்டு முடித்த பிறகே கடை திறக்கும்.