கேரியர் இல்லாத சைக்கிள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்களாம். மடவார் வளாகத்தில் ஏறிய செல்வியை அடையாளம் கண்டு, தோழி தன் பக்கத்தில் உட்காரவைத்திருந்தாள்.

"மில்லு வேலைக்குப் போக சைக்கிள் வாங்கப் போறேன். கேரியர் இல்லாததா பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் செல்வி.

"ராஜபாளையம் வரைக்கும் தெனமும் மிதிக்கவா? பஸ்ஸுதான் நமக்கு ஃப்ரீயாச்சே, ஏட்டி."

"பரவால்ல, மிதிச்சிருவேன்."

"அம்புட்டு தூரத்துக்குன்னா கியர் வச்சதா வாங்கு. எதிர்காத்துல முட்டி கழண்டுரும்."

"கியர் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. கேரியர் மட்டும் கூடாது."

"அப்போ தூக்குவாளிய எங்க வைப்ப?"

"ஹேண்டில்ல மாட்டிக்கிடுவேன்."

"வேற சாமான் எதும் வாங்கினா?"

"வாங்க மாட்டேன்."

தோழிக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

கண்டக்டர் வந்து இருவருக்கும் இலவச டிக்கெட் கொடுத்தார். செல்வி அவரிடம் காசை நீட்டினாள்.

"ராஜபாளையம் ஒண்ணு. கடைசி சீட்டுல நீலச் சட்டை போட்டிருக்காருல்லா, அவருக்கு."

"யாருட்டி அது?" என்றாள் தோழி.

"எங்க வீட்டுக்காரரு. காலையில மில்லு வாசல் வரைக்கும் கொண்டாந்து விடுவாரு. சாயந்திரம் கூட்டிட்டுப் போகவும் வந்து நிப்பாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான்."

தோழி திரும்பி அந்த நீலச் சட்டையைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"லேடீஸ் சைக்கிளா வாங்குட்டி. அதுலதான் முன்னாடி உக்காரவும் கம்பி கிடையாது."