ஞாயிற்றுக்கிழமை மீதிப் படம்

பவளம் படமாளிகையின் இருட்டுக்கு ஒழுங்கும் இடைவேளைக்கு இலக்கணமும் வகுத்த முகாமையாளர், பணி ஓய்வு பெறும் பண்பாளர், ஜனாப் உசனார் அவர்களுக்கு ஊழியர்கள் நாங்கள் உவந்தளிக்கும் மடல்.

பெருமதிப்புக்குரியீர்,

புத்தளம் பஸ் நிலையத்தில் எங்கள் படமாளிகைக்கு வழி கேட்போருக்கு, "உசனார் நானாட தியேட்டரா?" என்றே விடை கிடைக்கும். உரிமையாளர் முஸம்மில் ஹாஜியார் இப்பிரியாவிடைக் கூட்டத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கையில் இதைச் சொல்வது முறையன்று. ஆயினும் மடலில் பொய் எழுதக் கூடாதென்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அடிதடிப் படமோ அழுகைப் படமோ, தாங்கள் கதவோரம் நின்று சனத்தைப் பார்ப்பவரேயன்றித் திரையைப் பார்ப்பவரல்லர். பெரிய வெள்ளி மாலை இயேசுநாதர் படம் ஓடும்போதும் அப்படியே. அன்று கடலோரக் கத்தோலிக்க சனம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகும். கடலைக்காரர் வியாபாரத்தை நிறுத்துவார். வில்லனுக்கு விசிலடிக்கும் இளைஞர்கள் யூதாசைக் கண்டும் வாய் திறவார்கள். நோன்பு காலத்தில் பெரிய வெள்ளி வந்த வருடம், திரையில் இராப்போசனம் நடக்கையில் தாங்கள் கதவோரம் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்ததைக் கண்டோர் எம்மில் உளர்.

அப்படம் முதன்முதல் ஓடிய மாலையை மறக்க இயலுமோ? சிலுவை மரணம் முடிந்ததும் இடைவேளை விடுமாறு ஒப்பரேட்டர் ஹில்மிக்குச் சொன்னவர் தாங்களே. விளக்கு எரிந்தது. சனம் முழந்தாளிட்டு, சிலுவை அடையாளம் போட்டு, சத்தமின்றி வெளியே நடந்தது. தாங்கள் ஓடிப்போய்க் கேற்றை மறித்தீர்கள்.

"எங்க போறீங்க? இன்னும் படம் மிச்சம் இரிக்கிது. அவர் எழும்புவார்."

"எழும்புவார்தான் நானா. அது ஞாயித்துக்கிழமை தானே," என்றார் மீன் விற்கும் பிலோமினா அக்கா. "இண்டைக்கு வெள்ளி. கோயில்லயும் இப்பிடித்தான், கதைக்காமப் போறது."

வேறொருவராயின் வாதாடியிருப்பார். தாங்கள் சற்று யோசித்து, "அப்ப டிக்கட் துண்ட எறியாதீங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வாங்க, மிச்சத்தக் காட்டுறன்," என்றீர்கள். பூசைக்கு உடுத்த புதுச் சட்டையோடு அத்தனை பேரும் வந்தார்கள். அன்று தொடங்கியது இந்த வழக்கம். ஒரு படத்தை இரு நாட்களில் காட்டும் படமாளிகை வேறெங்கும் உண்டோ, அறியோம், சிரிப்பார்களென்று விசாரிக்கவுமில்லை.

இனி ஒரு விடயம். தாங்கள் போனபின் இவ்வழக்கம் நிற்குமாம். "ஒரு படத்துக்கு ரெண்டு நாள் தியேட்டரத் திறக்க ஏலா. ஒரேயடியாப் பாக்கட்டும், இல்லாட்டி வேற படம் போடுவம்," என்று ஹாஜியார் கேற்றில் நிற்கும் ஸப்ராஸிடம் கதைத்தாராம். அதைக் கேட்ட தாங்கள் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

ஆகவே, ஒலிவாங்கி எம் கையில் இருக்கும்போதே அறிவிக்கின்றோம்: வரும் பெரிய வெள்ளியும் அதையடுத்த ஞாயிறும் படம் வழமைபோல் நடைபெறும். ஆட்சேபனை இருப்பின் ஹாஜியார் இப்போதே எழும்பலாம். பிலோமினா அக்காவும் அவரது ஊராரும் பின்வரிசைகளில் இருப்பதைப் பணிவுடன் தெரிவிக்கின்றோம். மடலை வாசிப்பவர் இவ்விடத்தில் சற்று நிறுத்துவார்.

ஹாஜியார் எழும்பவில்லை. அவருக்கு எமது நன்றி. இம்மடலுக்கு இரு பிரதிகள் உண்டு. ஒன்று தங்கள் வீட்டுச் சுவருக்கு, மற்றையது படமாளிகை அலுவலகத்தில் ஹாஜியாரின் கதிரைக்கு நேரெதிரே.

வல்ல அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் நோயற்ற உடலையும் தருவானாக. பிலோமினா அக்கா அந்தோனியாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். இத்துடன் பெரிய வெள்ளிக்கான டிக்கட் ஒன்றை இணைத்துள்ளோம். துண்டை எறிந்துவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் அது செல்லும்.

இங்ஙனம்,
கதவோரத்தைத் தங்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கும்
பவளம் படமாளிகை ஊழியர்கள்,
புத்தளம்.