அனார்குல் அக்கா அழித்த பெயர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ருஸ்லான் அவர்களே, தையற்கூடத்திலிருந்து மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கும் சகோதரிகளே, முன்வரிசையில் வெள்ளைத் தலைத்துணியோடு அமர்ந்திருக்கும் என் மாமியார் கலீச்சா அத்தை அவர்களே, கர்த்தருக்குள் அன்பானவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

பத்து நாளைக்கு முன்பு நாம் அடக்கம் செய்தது யாரை? தையற்காரியையா? என் கணவரின் அண்ணன் மனைவியையா? ஆம், இரண்டும்தான். ஆனால் அதற்கு மேலே ஒன்று உண்டு. நம் சபையின் «ஒளிச் சன்னல்» மாத இதழில் பத்தொன்பது ஆண்டுகள், ஒரு மாதம்கூட விடாமல், கடைசிப் பக்கத்தை எழுதிய எழுத்தாளர் அனார்குல் எசெனோவா! இந்தச் சின்ன ஊர் காரா-பால்டாவிலிருந்து ஓர் எழுத்தாளர் வந்தார் என்று நான் எங்கே வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

அவர் வேதத்துக்கு விளக்கவுரை எழுதவில்லை. ரொட்டி கருகியதை எழுதினார். மகளோடு போட்ட சண்டையை எழுதினார். காணாமல் போன ஊசியைத் தேடியதை எழுதினார். அதற்குள்ளே எங்கேயோ கர்த்தர் உட்கார்ந்திருப்பார். படித்து முடித்தபிறகுதான் நமக்கே தெரியும்.

அந்தப் பக்கத்தில் குற்றவாளி யார்? எப்போதும் "நான்"தான். "ஜெபக் கூட்டத்தில் நான் குறட்டை விட்டேன்." "அம்மா போன் செய்தபோது வீட்டில் இல்லையென்று சொல்லச் சொன்னேன்." "பக்கத்து வீட்டுக்கு நேற்றைய ரொட்டியைக் கொடுத்து, சூடானதை எங்களுக்கு வைத்துக்கொண்டேன்." படித்தவர்கள் சிரித்தார்கள். பாவம், இந்த அம்மாவுக்கு இத்தனை குறையா என்றார்கள்!

நான்தான் அவருக்கு டைப் அடித்துக் கொடுப்பவள். துணி வெட்டும் அளவுத் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். முதலில் தையல் சாக்பீஸில் எழுதி, பிறகு பேனாவால் எழுதுவார். ஒருநாள் நான் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். உள்ளங்கையால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா அழிக்கிறீங்க?"

"பேரை."

"யாரு பேரை?"

"அதான் அழிச்சாச்சே! இப்ப அங்க நான்னு இருக்கு. நீ டைப் அடி."

"எல்லாரும் உங்களத்தானேக்கா கேலி பண்றாங்க?"

"பண்ணட்டும்டி. நான்னு போட்டா, தப்புப் பண்ணினவங்க படிச்சுட்டு அவங்களாவே தெரிஞ்சுக்குவாங்க. பேரைப் போட்டா ஊருதான் தெரிஞ்சுக்கும். எது நல்லது?"

தாளை வாங்கிக்கொண்டேன். ஆனால் சாக்பீஸ் முழுசாக அழியாது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் தடம் தெரியும். நான் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன்.

ஒரு பெயரையும் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்! கேட்கத்தான் செய்வேன். அக்கா எழுதிய "நான்" உண்மையில் தாங்கள்தான் என்று தெரிந்தவர்கள் கை தூக்குவீர்களா?

போதகரே! நீங்களா? அந்தக் குறட்டை உங்களுடையதா? நன்றாகச் சிரியுங்கள், அக்காவும் சிரித்திருப்பார். அதோ எர்கின்பெக் மச்சான்... சரி, அம்மாவுக்கு இன்றைக்காவது போன் பண்ணுங்கள். தையற்கூடத்திலிருந்து நான்கு கைகள். பின்னால் இன்னும் இரண்டு. பாருங்கள் சகோதரர்களே, பாருங்கள் சகோதரிகளே! ஒரு மெலிந்த பெண் இத்தனை பேரையும் தன் ஒற்றை வார்த்தைக்குள் சுமந்திருக்கிறார்! சிலுவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இப்படிச் சுமந்து காட்டியவர் நம்மோடு உட்கார்ந்து துணி தைத்தார்.

இப்போது என் கையையும் தூக்குகிறேன்.

அந்தக் கடைசிப் பக்கத்துக்கு அவர் முதன்முதலில் எழுதிய கட்டுரை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பெயர் "நிரம்பிய கிண்ணம்". நம் வீடுகளில் விருந்தாளிக்குத் தேநீரைக் கால் கிண்ணம்தான் ஊற்றுவோம். இன்னும் கொஞ்சம் ஊற்ற, கிண்ணம் திரும்பத் திரும்ப நம் கைக்கு வர வேண்டும். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுப் புறப்படு என்று அர்த்தம். நாங்கள் இரண்டு மருமகள்களும் ஞானஸ்நானம் பெற்றோம் என்று கேள்விப்பட்டு அத்தை வந்தார். தம் தொழுகையை விடாதவர், கோபம் வராமல் இருக்குமா? "என் வீட்டு மானத்தை ரெண்டு பேருமா வித்துட்டீங்களேடி!" என்றார். அவர் முன்னால் வந்த கிண்ணம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. அத்தை தொடவில்லை. எழுந்து போனவர் இரண்டு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

"நான்தான் ஊற்றினேன்" என்று அக்கா எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. அந்த இதழை எடுத்துக்கொண்டு அத்தை வாசலில் போய் நின்று மன்னிப்பும் கேட்டார்.

அடக்கத்தன்று ஊர்ப் பெரியவர்கள் தயங்கினார்கள். கிறிஸ்தவப் பெண்ணை, முஸ்லிம்களைப் புதைக்கும் மையவாடியில் எப்படி வைப்பது என்றார்கள். அப்போது அத்தை கோலை ஊன்றிக்கொண்டு போய் மையவாடி வாசலில் நின்றார். "அவ என் மருமக. தப்புப் பண்ணினா, என் வாசல்ல வந்து நின்னு மன்னிப்பும் கேட்டா. உங்கள்ல எத்தனை பேரு அப்படி வந்து நின்னுருக்கீங்க? என் புருஷன் பக்கத்துல எனக்குன்னு வச்சிருந்த இடத்துல அவளப் படுக்க வைங்க" என்றார். அங்கேயே குழி வெட்டினார்கள்.

அத்தை, அந்தத் தப்பை அவர் பண்ணவில்லை. அடுக்களையில் நின்று, நீங்கள் பேசியது காதில் விழுந்து, ஆத்திரத்தில் விளிம்புவரை ஊற்றியவள் நான். அக்கா பார்க்காமல் எடுத்துக்கொண்டு வந்தார். உங்கள் முன்னால் வைத்தபிறகுதான் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவில்லை. அந்த முதல் கட்டுரையையும் நான்தான் டைப் அடித்தேன். "நான்" என்ற வார்த்தையை அவர் பெயரில் அடித்துவிட்டு, பேசாமல் இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஒளிச் சன்னல் நிற்காது. இந்தச் சபை முன்னால் வாக்குக் கொடுக்கிறேன். கடைசிப் பக்கம் இனி என் பொறுப்பு. அக்காவைப் போல எழுத எனக்கு வராது. பிறர் குற்றத்தைச் சுமக்கும் தோளும் இன்னும் எனக்கு இல்லை. முதலில் என்னுடையதைச் சுமந்து பழகுகிறேன். அடுத்த மாதப் பக்கத்துக்கும் "நிரம்பிய கிண்ணம்" என்றுதான் பெயர். "நான்தான் ஊற்றினேன்" என்றுதான் அதுவும் தொடங்கும். கீழே மாய்ரம் என்ற என் பெயர் இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறையில் தேநீர் இருக்கிறது. அத்தை, உங்களுக்கு நான்தான் ஊற்றுவேன். கால் கிண்ணம்தான் ஊற்றுவேன். எனக்கு நீங்கள் பதில் எதுவும் சொல்ல வேண்டாம். குடித்துவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் நீட்டினால் போதும்.